ஒன்ஸ்மோர் வாங்கிய வரி

நெற்றிக் காயம் ஆறி ஒரு வாரம் ஆன பிறகும் சீனியம்மாள் கட்டை அவிழ்க்கவில்லை. "புண்ணுதான் ஆறிருச்சே தாயி, அவுத்துப் போடு" என்று ஆர்மோனியக்காரர் சேனாதிபதி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும்ணே, கெடக்கட்டும்" என்றாள். கட்டு கெடந்தது.

கல் விழுந்தது வத்தலக்குண்டில். பழனி நாடக மேடைகளில் ராணி வேஷம் கட்டிப் பேரெடுத்தவள், மதராஸுக்குப் போய் ஒரு கிராமபோன் பிளேட்டில் பாடிவிட்டு வந்திருந்தாள். வள்ளி பாட்டோ முருகன் பாட்டோ பாடியிருந்தால் ஊரே தலையில் தூக்கி வைத்திருக்கும். இவள் பாடியது சர்க்காரை. மலைக்காட்டைச் சர்க்கார் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்த குத்தகைக்காரரின் காவல்காரன், தேனெடுத்து இறங்கி வரும் ஒரு மலைக்காரியை ஒற்றையடிப் பாதையில் மறித்து அதிகாரம் பண்ணுகிறான்:

தேனடை எங்கேடி இருளாயி – உன்
சேலைய உதறடி இருளாயி

அதற்கு அவள் பதில் சொல்வாள்:

காட்டப் படைச்சவன் கணக்குக் கேக்கல – நீ
கேக்க வந்ததென்ன சர்க்காரே

பதில் எட்டு அடி. நல்ல அடிகள்தான். ஆனால் மேடையில் அவள் காவல்காரன் குரலை எடுத்து, ஒரு கையால் மீசையை முறுக்கி, மறு கையால் முந்தானையை உதறிக் காட்டும் அந்த முதல் இரண்டு அடிக்குத்தான் கூட்டம் எழுந்து நின்று ஒன்ஸ்மோர் கேட்கும். கேட்டால் பாடாமல் இருக்க முடியுமா? பாடுவாள். மறுபடி கேட்பார்கள், மறுபடி பாடுவாள். ஒரு வரி ஊர் வாயில் ஒட்ட வேண்டுமானால் மூன்று தடவை காதில் விழ வேண்டும் என்பது சேனாதிபதியின் கணக்கு. அந்தக் கணக்கு ஒரு ஊரிலும் பொய்த்ததில்லை.

பிளேட் வெளிவந்ததும் சர்க்கார் விசுவாசிகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கொடைக்கானல் கடைக்காரர்கள் சீசனுக்குப் பேசியிருந்த நாடகத்தை ரத்து செய்தார்கள். துரைமார் வீட்டு ரொட்டி, வெண்ணெய் வியாபாரத்துக்குப் பங்கம் வந்துவிடுமாம். செண்பகனூரில் ஒருவர் பிளேட்டை நடுரோட்டில் போட்டு மிதித்தார். சொந்தக் காசில் வாங்கித்தான் மிதித்தார், அந்த மட்டும் நல்ல மனுஷன். வத்தலக்குண்டில் குத்தகைக்காரரின் ஆட்கள் கொட்டகைக்குள் புகுந்து கல் வீசினார்கள். அதில் ஒன்றுதான் நெற்றியில் பட்டது.

இதற்கெல்லாம் சீனியம்மாள் வருந்தினாள் என்று நினைத்தால் அவளைத் தெரியாதவர்கள். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் கிடந்தது. போகிற ஊரெல்லாம் கட்டைப் பார்த்துப் பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். நெற்றிச்சுட்டியைப் போட்டுக்கொண்டு திரிவதுபோல அதைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். அப்படித் திரிந்தபோதுதான், இதை இருளாயியிடம் போய்க் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

இருளாயி என்று ஒருத்தி நிஜமாகவே இருந்தாள். முன்னே வத்தலக்குண்டில் நாடகம் போட்ட நாட்களில் சீனியம்மாளின் தொண்டைக்கு மலைத்தேன் கொண்டுவந்து கொடுப்பவள் அவள்தான். ஒருநாள் வெறுங்கையோடு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, பாதையில் நடந்ததைச் சொன்னாள். "ஒருத்தர்ட்டயும் சொல்லிராதீங்கக்கா. எம் புருசனுக்கே தெரியாது" என்றாள். சீனியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை. ஆனால் அழுது முடிப்பதற்குள் மெட்டு வந்துவிட்டது.

பேரை மாற்றத்தான் நினைத்தாள். பொன்னாயி என்று பாடிப் பார்த்தாள், கருப்பாயி என்று பாடிப் பார்த்தாள். இரண்டும் தாளத்தில் உட்கார்ந்தன. ஆனால் இருளாயி என்று பாடும்போது மட்டும் அவளுக்குத் தொண்டை அடைத்தது. பாடகிக்குத் தொண்டை அடைத்தால் கூட்டம் உருகும். ஆகவே அந்தப் பேரே நின்றுவிட்டது. மலைமேல் கிராமபோன் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

வத்தலக்குண்டுச் சந்தையில் மலைத்தேன் வாங்கி விற்பவர் ஜமால் முகம்மது. சந்தை நாளில் வெள்ளனே அவர் கடைக்குப் போய் நின்றாள்.

"இருளாயி இன்னிக்கு இறங்கி வந்திருக்காளா ராவுத்தரே?"

அவர் கட்டைப் பார்த்தார். பிறகு தராசைத் துடைக்க ஆரம்பித்தார். "அந்தப் புள்ள சந்தைக்கு வந்து ரொம்ப நாளாச்சுங்கம்மா."

"ஏன், மேலுக்குச் சொகமில்லையா?"

"வந்தா பயலுக விடமாட்டேங்குறானுங்க. பின்னாலயே போறானுங்க."

"போயி?"

"உங்க பாட்டத்தான் பாடுறானுங்க." அவர் நல்ல மனிதர், அதோடு நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. "முழுசும் இல்லம்மா. அந்த மொத ரெண்டு அடி மட்டும்."

சீனியம்மாள் மலைப்பாதையில் தனியாக ஏறினாள். இருளாயி குடிசை வாசலில் நெல்லிக்காயைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. வழிப்போக்கனுக்குக்கூடக் கிடைக்கும் அந்த வார்த்தை கிடைக்காமல் சீனியம்மாள் வெயிலில் நின்றாள்.

"நெத்தியில என்ன?"

"கல்லால எறிஞ்சாங்க. உனக்காகப் பாடுனதுக்கு."

இருளாயி கூடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எம் புருசன் அந்தப் பாட்டச் சந்தையில வச்சுத்தான் கேட்டாரு. யாரு பெத்த பயலோ பாடியிருக்கான். வந்தவரு எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. அன்னைலருந்து வீட்டுல பேச்சில்லாம கெடக்கு. நெல்லிக்காயும் தேனும் அழுகுது, அவரு கொண்டுபோனா அடிதடியில முடியுது, நான் போனா பாட்டுல முடியுது."

"நான் அந்தக் காவல்காரனத்தான இருளாயி..."

"அந்த எடத்துல சனம் கை தட்டுமாமே. திரும்பப் பாடச் சொல்லுமாம். நீங்களும் பாடுவீங்களாம்."

"ஆமா."

"அவன் ஒரு தடவதான் உதறச் சொன்னான். நீங்க எத்தன தடவக்கா?"

சீனியம்மாள் நெற்றிக் கட்டைக் கையால் மறைத்தாள். காது மடல் சுட்டது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில், "இனிமே பாட மாட்டேன்" என்றாள்.

"நீங்க நிறுத்துனா பயலுக நிறுத்திருவானுங்களா? போங்கக்கா. வெரசா எறங்குங்க, மழ வருது."

இறங்கும்போது கட்டை அவிழ்த்தாள். கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு வலித்திருந்தால் தேவலை. அது சுலபமாகக் கையோடு வந்துவிட்டது, அதுவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த கச்சேரி பழனியில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு. கல்லடி பட்டவளைப் பார்க்க ஆயக்குடியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு, மடி நிறையக் கொய்யாவோடு வந்திருந்தார்கள். சீனியம்மாள் முருகனைப் பாடினாள், வள்ளியைப் பாடினாள். கூட்டம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருளாயி, இருளாயி" என்று ஆரம்பித்தது.

"அந்தப் பாட்டு இனிமே இல்லீங்க" என்று கும்பிட்டாள்.

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு புரிந்தது, அவர்களுக்குப் புரிகிற மாதிரி. "பயந்துட்டாடா." "குத்தகைக்காரன் என்னத்தக் குடுத்தான்?" "சர்க்கார் சோறு ருசியா இருக்கா?" முதல் கொய்யா தோளில் பட்டது. காயாக இருந்ததால் வலித்தது. வத்தலக்குண்டில் எறிந்தவர்கள் விரோதிகள். இவர்கள் அவளைக் கொண்டாடியவர்கள், அதனால் குறியும் நன்றாக இருந்தது.

நியாயம் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல ஒரே நியாயம்தான் இருந்தது: இருளாயி நிஜமான ஒருத்தி, உயிரோடு இருக்கிறாள். அதைச் சொன்னால் இந்தக் கூட்டம் அழும், அவளை வாழ்த்தும், நாளைக்கே அவளைப் பார்க்க மலைக்கு வண்டி கட்டும். சீனியம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது முன்வரிசையில் எவனோ ஒருவன், நல்ல சாரீரம் பாவி, எடுத்துவிட்டான்:

தேனடை எங்கேடி சீனியம்மா – உன்
சேலைய உதறடி சீனியம்மா

அது கச்சிதமாக உட்கார்ந்தது. கொட்டகை சிரித்தது. சேனாதிபதி ஆர்மோனியத்தை மூடினார். "எந்திரி தாயி, போயிருவோம்."

அவள் எழுந்துதான் நின்றாள். அவளைக் கேட்காமலே இரண்டு கையும் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தன. உடம்பு முழுக்கக் கூசியது. இத்தனை பேர் முன்னால் ஒரு நூல்கூட அவிழாமல் நிற்கும்போதே இப்படி என்றால், அந்தப் பாதையில் இருளாயிக்கு எப்படி இருந்திருக்கும்? இதைத் தெரிந்துகொண்டதாக நினைத்துத்தானே இத்தனை நாள் பாடினேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"பெட்டியத் தொறங்கண்ணே."

"என்னத்துக்கு?"

"அவங்க பாடுறதுக்கு எடுத்துக் குடுங்க."

சேனாதிபதி அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, பெட்டியைத் திறந்து மெட்டை வாசித்தார். கூட்டம் குஷியாகிவிட்டது. கைதட்டித் தாளம் போட்டு, சீனியம்மா, சீனியம்மா என்று மொத்தமாகப் பாடியது. பொடிப்பயல்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிக் காட்டினார்கள்.

பாடி முடித்ததும் சிரிப்பு மெல்ல அடங்கியது. பின்னால் சிலர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போகப் பார்த்தார்கள். ஒரு தடவைதான் ஆகியிருந்தது. இருளாயி இருந்த இடத்தில் தன் பேர் ஊர் வாயில் ஒட்ட ஒரு தடவை போதாது என்பது அவளுக்குத் தெரியும்.

முந்தானையைப் பிடித்தபடியே மேடை விளிம்புக்கு வந்தாள்.

"ஒன்ஸ்மோர்" என்றாள்.