போனதும் இருந்ததும்

கண்ணாடி முன் டை கட்டிக்கொண்டிருந்த துணை மேலாளரை அவருடைய கைப்பேசி பாராட்டியது: 'சபாஷ்! "போ" என்ற வினையின் இறந்தகாலத்தை முடித்துவிட்டீர்கள்!'

டை பாதியில் நின்றது. ஸ்பானிஷில் அவர் 'ஓலா' என்ற வணக்கத்தைத் தாண்டியதே இல்லை. கம்பெனியை அந்த மொழிக்காரர்கள் வாங்கிய புதிதில் கைப்பேசிப் பாடத்தில் சேர்ந்தார். முதல் கூட்டத்திலேயே ஓர் 'ஓலா'வை எடுத்து விட்டார். கைதட்டல் விழுந்தது. அத்தோடு படிப்பு முடிந்தது. பண்டிதர் என்ற பெயர் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

அப்படியானால் இறந்தகாலத்தை முடித்தது யார்? வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

சமையலறையில் மனைவி காதில் ஒயரோடு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "ஃபுய்... ஃபுய்..."

"யாரைத் துப்புற?"

"துப்பலைங்க. 'போனேன்'னு அர்த்தம். 'இருந்தேன்'னாலும் அதேதான். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை."

"போனதும் இருந்ததும் எப்படி ஒண்ணாகும்?"

"இந்த வீட்ல இத்தனை வருஷம் இருந்திருக்கேனே, எனக்குப் புரியுது."

"என் பாடத்தை உன் ஃபோன்ல நீ எதுக்குப் படிக்கிற?"

"சும்மாதான்."

தமிழில் 'சும்மா'வைப் போல நம்பத்தகாத சொல் வேறில்லை. படிக்கிறவள் 'சாப்பிடு', 'தூங்கு' என்று படிக்கக் கூடாதா? 'போ'வா கிடைத்தது?

"அடுத்து எச்சம்," என்றாள் அவள். "'போன'ன்னு சொல்றோமே, போன வருஷம், போன ஆளு, அது. அவங்க அதுக்கு 'இதோ'ம்பாங்க. நம்ம 'இதோ' மாதிரியே கேக்கும். ஆனா போயாச்சுன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும், தெரியும்," என்றார் பண்டிதர்.

அன்று அலுவலகத்தில் யார் 'ஓலா' சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே வீடு திரும்பினார். கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்தில் ஆளில்லை. பூனை நடை நடந்து படுக்கையறைக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேல் எட்டிப் பார்த்தார். பயணப் பெட்டி இருந்தது. அதன்மேல் வருஷக்கணக்காகப் படிந்திருந்த தூசியைத்தான் காணோம்.

"எங்க இருக்க?" குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது.

"இதோ!"

எங்கிருந்தோ வந்தது பதில். எந்த மொழியில் என்றுதான் தெரியவில்லை. ஒரு கையில் பெட்டியின் கைப்பிடி, கழுத்தில் தொங்கும் டை. செருப்புச் சத்தம் இந்தப் பக்கம் வருகிறதா, அந்தப் பக்கம் போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அவர் நாற்காலி மேலேயே நின்றிருந்தார்.