நீலப் பூப்போட்ட துண்டு

எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடித்தால் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். "உன்னைப் போலீஸ்ல சேர்த்திருக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர். இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டிருக்கிறவள் வீட்டுக்குத்தான் கொழுந்தனார் வந்து தங்கினார். அவருக்கு மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை.

எங்கள் வீடு மொத்தத்துக்கும் ஒரே ஏசி. மெஷின் பின்பக்கம் நிற்கும். குளிர்ந்த காற்று கூரைக்குள் ஓடும் குழாய்களில் வந்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு சல்லடை மூடி வழியாக இறங்கும். அவர் வந்த மூன்றாம் வாரம் என் படுக்கையில் மீன் வாடை அடித்தது. அவர் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு கூடமும் இரண்டு கதவும் இருக்கின்றன. பிறகு எப்படி வரும்? குழாய்தான், வேறென்ன! அங்கே உறிஞ்சி இங்கே என் தலைமாட்டில் ஊதுகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அவர் வேலைக்குப் போயிருந்தபோது அவர் அறையில் ஏணி போட்டு ஏறினேன். நாலு திருகாணியைக் கழற்றி, நீலப் பூப்போட்ட என் பழைய துண்டைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்துவிட்டு, மூடியைப் பழையபடி மாட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை, "இப்பதாங்க நிம்மதியா தூங்கினேன்" என்று வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அதற்கப்புறம்தான் அசல் நாற்றமே ஆரம்பித்தது. ஏசியைப் போட்டால் குடலைப் பிடுங்கும். எலுமிச்சை வாசனை ஸ்பிரே வாங்கி அடித்தேன். எலுமிச்சையும் சேர்ந்து நாறியது.

நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சாடைமாடையாகப் பேசினேன். "சில பேருக்கு வேலை விட்டு வந்தா குளிக்கணும்னு தெரியாது" என்று பாத்திரத்தோடு பேசுவேன். கொழுந்தனார் இரண்டு வேளை குளித்தார், அப்புறம் மூன்று வேளை. காற்றாட இருக்கிறது என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். பாத்திரம் தேய்க்கிற சோப்பு வேறு வாரத்துக்கு ஒரு பாட்டில் காலியானது. "இதை யாரு குடிக்கறது?" என்று அதற்கும் கத்தினேன்.

போன வாரம் அவர் அண்ணனிடம் சொன்னார். "கம்பெனி பக்கத்துல ஒரு ரூம் பார்த்துட்டேண்ணா. சனிக்கிழமை போயிடறேன்."

தாய் தகப்பன் போனபிறகு தோளில் தூக்கி வளர்த்த தம்பி. அன்றிலிருந்து வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றால்கூட அவரே எழுந்துபோய் எடுத்துக்கொண்டார்.

எனக்கும் மனசு உறுத்தியது. ஆனாலும் என் மூக்கு விட்டுக்கொடுக்கவில்லை. மனிதர் போகும்போதே வாடையும் போகட்டும் என்று வெள்ளிக்கிழமை குழாய் சுத்தம் செய்கிறவரை வரச்சொன்னேன். அவர் வருவதற்குள் துண்டை உருவிவிடலாம் என்பது என் கணக்கு. அன்றைக்கென்று பார்த்து வீட்டுக்காரரும் வீட்டிலிருந்தார், கொழுந்தனாரும் லீவு போட்டுவிட்டு அறையிலேயே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ரூம் வேணாங்க, மத்ததைப் பாருங்க" என்றேன்.

"மத்த ரூமெல்லாம் பார்த்துட்டேன் மேடம், சுத்தமா இருக்கு. ஈரமெல்லாம் இந்தப் பக்கம்தான்" என்று அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொழுந்தனார் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மூடி கழன்றது. துண்டு பொத்தென்று தரையில் விழுந்தது. கன்னங்கரேலென்று, தண்ணீர் சொட்டச் சொட்ட. சந்தேகமே இல்லை, மாதக்கணக்கில் என்னைப் படுத்தியது இந்த நாற்றம்தான்.

"யாருங்க இதை வச்சது? குளிர்காத்து இதுல முட்டி முட்டி வேர்த்து, குழாய் மேல சுத்தின பஞ்செல்லாம் ஊறிப்போச்சு. பெரிய குழாய் வரைக்கும் பூஞ்சை ஏறியிருக்கு."

"அப்ப, மீன் வாடை?" என்று கேட்டேன். புத்திசாலி!

"மீனா? இந்த வாய் காத்தை வெளிய விடறதுக்கு மேடம், உள்ள இழுக்கறதுக்கு இல்ல. இந்த ரூம்ல மீனையே காயப்போட்டாலும் இது வழியா போகாது."

வீட்டுக்காரர் குனிந்து துண்டைப் பார்த்தார். "யார் பண்ண வேலை இது?"



"நான்தாண்ணா" என்றார் கொழுந்தனார். "ரொம்பக் குளிருச்சு. கொடியில கிடந்ததை எடுத்து அடைச்சுட்டேன்."

"அறிவிருக்காடா உனக்கு? வீட்டையே நாறடிச்சிட்டு, அவ பேச்சையும் வாங்கிக்கிட்டு..." அவர் தம்பியைத் திட்டி நான் பார்த்ததே இல்லை. கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு ஏணியைப் பிடித்தபடி நின்றார். அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் தோலுரிந்து, வெடித்து, சிவந்து கிடந்தன. சோப்பைக் குடித்தது யாரென்று தெரிந்துவிட்டது.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கைகள்தான் விடவில்லை.

"அவரைத் திட்டாதீங்க. வச்சது நான்."

குழாய்க்காரருக்குத் திடீரென்று தன் பையில் எதையோ தேட வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

"நீங்க ஏன் தம்பி உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? நான்னு தெரியுமா?"

"வச்ச மறுநாளே தெரியும் அண்ணி. காத்து வரலையேன்னு காலையில கழட்டிப் பார்த்தேன்."

"அப்பவே தூக்கி எறிஞ்சிருக்கலாமே?"

"எறியலாம்னுதான் போனேன். நிம்மதியா தூங்கினேன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க. திரும்ப மாட்டிட்டேன்."

அன்றிலிருந்து மூன்று மாதம். வெயில் காலம் முழுக்க. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கட்டி வைத்திருந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு அசையவே இல்லை.

"தள்ளு, உன்னால ஆகாது" என்றார் வீட்டுக்காரர். ஒரு வாரத்துக்கப்புறம் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அவராலும் ஆகவில்லை.

கொழுந்தனார் ஏணியை விட்டுவிட்டு வந்தார். "இனிமே வாடை அடிச்சா என்கிட்டயே சொல்லிடுங்க அண்ணி" என்றார்.

"மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்" என்றேன்.

அவர் எங்களுக்கு நடுவே உட்கார்ந்து, வெடித்த விரல்களால் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.