சிரிப்பு வராத இடம்

கஞ்சியை வடிகட்டி, கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனபோது சுப்பராயன் உதட்டை இறுக்கிக்கொண்டார். சந்திரகலா கையைத் தாழ்த்தவில்லை.

"ரெண்டு வாய் குடிங்க. நேத்து முழுக்க ஒண்ணும் உள்ள போகல."

"குடிக்கிறேன். மொதல்ல நீ அத்தச் சொல்லு."

விடிந்ததிலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்கிறார். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். அவர் கால்கள் இரண்டும் முழங்கால்வரை வீங்கிப் பளபளத்தன. பொன்னேரி டாக்டர் முந்தாநாள்தான் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டது மூன்று வருடத்துக்கு முன்னால், ஐம்பத்து மூன்றாம் வருடப் பொங்கலுக்கு, கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் போட்ட நாடகத்தைப் பற்றி.

அரிசி மில்லில் குமாஸ்தா வேலை அவருக்கு. மற்ற நேரமெல்லாம் கால் மணி, அரை மணிச் சிரிப்பு நாடகங்கள் எழுதுவார். நடிப்பதற்கு ஊரிலேயே பதினோரு பேர் இருந்தார்கள். நாடகம் நடக்கும்போது அவர் மேடையைப் பார்த்ததே கிடையாது. ஓரத்தில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்று ஜனங்களின் முகங்களைத்தான் பார்ப்பார். மறுநாள் கடைத்தெருவில் போய், "எந்த எடத்துல சிரிப்பு வரல?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். அவர்கள் சொல்வதைக் கேட்டு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டுக்கு வந்து அந்த வரியை அடித்துவிடுவார்.

சந்திரகலாவிடம் மட்டும், "எப்டி இருந்துச்சு?" என்று கேட்பார். "நல்லாருந்துச்சு" என்பாள். இருபது வருடமாக அதே பதில்தான்.

"காப்பிப்பொடி நாடகத்துல நீ மூணாவது வரிசையில உக்காந்துகினு இருந்த," என்றார் சுப்பராயன் மூச்சு வாங்கியபடி. "ஜனம் வுழுந்து வுழுந்து சிரிச்சுது. நீ சிரிக்கல. நான் பாத்தேன்."

"அப்பவே கேக்கறதுதானே?"

"பயம். ஊரையெல்லாம் கேட்டேன். உன்ன கேக்க பயமா இருந்துச்சு."

அந்த நாடகத்தில் ரங்கம் என்று ஒரு மனைவி. விருந்தாளி வந்தால் காப்பிப்பொடி டப்பாவை ஒளித்து வைப்பாள். பருப்புப் பானைக்குள், தலையணைக்குள், கடைசியில் கொண்டைக்குள். விருந்தாளியைக் கும்பிடக் குனியும்போது டப்பா திறந்து பொடியெல்லாம் அவர் காலில் கொட்டும். ஜவுளிக்கடை ஹபிபுல்லா புடவை கட்டிக்கொண்டு ரங்கமாக நடித்தான். பள்ளிக்கூடமே அதிர்ந்தது.

சந்திரகலா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிறகு சொன்னாள்.

"அவ ஏன் ஒளிச்சு வெச்சான்னு நாடகத்துல இல்லீங்க. நீங்க ஒத்திகைன்னு தெனம் பதினோரு பேர இட்டுகினு வந்தீங்க. நான் ஒளிச்சு வெச்சது நெசந்தான். ஆனா மேடையில அந்தப் பதினோரு பேரக் காணோம். ஒரே ஒரு விருந்தாளி. ஒருத்தருக்குக் காப்பி இல்லன்னு சொல்றவள பாத்தா ஜனம் சிரிக்காம இன்னா பண்ணும்? மக்யா நாளே கெணத்தடியில எனக்குப் பேர் வெச்சுட்டாங்க. 'காப்பிப்பொடி வருது, வழி வுடுங்கடி'ன்னு. இன்னி வரைக்கும் உச்சி வெயில்ல, யாரும் இல்லாதப்பதான் தண்ணிக்குப் போறேன்."

இந்த நேரத்தில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. திடீரென்று அவர் உடம்பு குலுங்கியது. பயந்துபோய்த் தோளைப் பிடித்தாள். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு பேரு... ஒருத்தன் பின்னால ஒருத்தன் நொழையணும். அவ கையில ஒரே டப்பா. ஐயோ, எவ்ளோ நல்ல எடம் அது!" சிரிப்பு நின்றது. கண்ணோரம் நனைந்திருந்தது. "மூணு வருசமா வெயில்லயா போற? தப்பு பண்ணிட்டேன் சந்திரா. பென்சில் எடு. நான் சொல்றேன், நீ எழுது."

ஐந்தாவது வரை படித்தவள். மில் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுத்துக்கூட்டி எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "சரியா?" என்று கேட்டார். இரண்டு வரிக்குப் பேசாமல் தலையாட்டினாள். மூன்றாவது வரியில், "இல்ல. அவ இப்டிப் பேச மாட்டா," என்றாள்.

"பின்ன எப்டிப் பேசுவா?"

சொன்னாள்.

"அதயே எழுது," என்றார்.

உச்சிப்பொழுதுக்குள் நான்கு தாள் ஆனது. நடுவில் கஞ்சியையும் நான்கு வாய் குடித்தார். ஐந்தாவது தாளில் ரங்கம் வாசலில் வந்து நிற்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். யோசிக்கிறார் என்று நினைத்து அவள் பென்சிலோடு காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலமே எடுத்தார்கள். கூட்டத்தைப் பார்த்து உறவுக்காரர்களே திகைத்துப்போனார்கள். புதுவாயலிலிருந்து நடந்து வந்த வண்டிக்காரர் பூவராகவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "உன் நாடகத்துல நான் தூங்கிட்டேன் நைனான்னேன். கோவிச்சுக்கல. எந்த எடத்துல தூங்குனேன்னு கேட்டாரு. கேட்டு எழுதிக்கினாரு!"

பள்ளிக்கூடத்து வாத்தியார் தானியேல் அழுதுகொண்டே சொன்னார். தான் எழுதிய முதல் நாடகத்தைச் சுப்பராயன் இரண்டு தடவை படித்து, ஒரே ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டுக் கொடுத்தாராம். இது உன்னுது, மத்ததெல்லாம் எங்கியோ கேட்டது, இதுலருந்து ஆரம்பி என்றாராம். உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த சந்திரகலாவுக்கு எல்லாம் கேட்டது.

மறுநாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிய பிறகு ஹபிபுல்லா வாசலில் வந்து நின்றான். குல்லாவைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். சந்திரகலா உள்ளே போய்த் தாள்களை எடுத்துவந்து கொடுத்தாள். நின்றபடியே படித்தான். இரண்டாவது தாளில் அவனை அறியாமல் சிரிப்பு வந்துவிட, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரி தம்பி. அதுக்குத்தான் எழுதுனாரு."

"முடிவு இல்லியே அண்ணி."

"அத்தச் சொல்லல."

அவன் வாசலிலேயே உட்கார்ந்து ரங்கத்தின் குரலில் மெல்லப் படித்துப் பார்த்தான். மூன்றாவது வரியில் குரலை உயர்த்தினான்.

"கத்தாத," என்றாள் சந்திரகலா. "அந்த எடத்துல அவளுக்குக் கோவம் இல்ல. வெக்கம்."

ஹபிபுல்லா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "சரி அண்ணி," என்றான்.

அப்போது தெருமுனைக்கு அப்பால் ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போக ஆரம்பித்தது. அவன் தாளில் விரலை வைத்தபடி, கடைசிப் பெட்டி போகும்வரை காத்திருந்தான். சத்தம் அடங்கியதும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினான். சந்திரகலா கதவில் சாய்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.