அப்படி ஒரு பரிமாற்றம் இல்லை

துளசி அந்தக் கணினியை வீட்டின் பின்னறையில், துணி தேய்க்கும் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஈப்போ நகரத்தில் அவள் வேலை பார்க்கும் கணினி பழுதுபார்க்கும் கடையில் யாரோ விட்டுப்போன பழைய பெட்டி அது. அதில் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, பிட்காயின் கணக்கு முழுவதையும் வைத்துச் சரிபார்க்கும் 'நோட்' என்ற மென்பொருளை ஏற்றி, வீட்டு இணையத்தோடு இணைத்துவிட்டாள். முதன்முதலில் நடந்த பரிமாற்றம் தொடங்கி இன்றுவரை உலகத்தில் நடந்த பிட்காயின் பரிமாற்றம் ஒவ்வொன்றும் அதில் வந்து இறங்க ஆரம்பித்தது. வந்து இறங்கியதை எல்லாம் பெட்டி தானே ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடுக்கியது. அது முடியும்வரை வீட்டில் ஒரு படம்கூட ஒழுங்காக ஓடவில்லை.

அவள் கணவன் பவித்ரன் செம்பனை எண்ணெய் ஆலைக்கு லாரி ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்து, வாசலில் நின்றபடியே பெட்டியைப் பார்த்துக் கேட்டான்.

"இதுல காசு வருமா?"

"வராது. காசு வர்றது மைனிங். இது வேற. இது செக் பண்ற பொட்டி."

"என்னாத்த செக் பண்ணுது?"

"எவனாச்சும் அனுப்பாத காச அனுப்பிட்டேன்னு சொன்னா, பொய்யின்னு காட்டிக் குடுக்கும்."

"அத நானே சொல்லுவேன்லா. எனக்குக் கரண்டு பில் கெடையாது."

துளசி சிரித்தாள். ஆனால் பெட்டியை அணைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களில் பலர் கைப்பேசியை நீட்டி, 'இந்த ஆப்ல என் காசு இருக்கு, வெளிய எடுக்க முடியல, சரி பண்ணிக் குடுங்க' என்று கேட்டு அழுவதைப் பார்த்திருக்கிறாள். அடுத்தவன் திரையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் வரைந்து காட்டலாம் என்பது அவளுக்குத் தெரியும். தன் வீட்டில் ஒரு பெட்டியாவது யாரையும் கேட்காமல் தானே பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவள் நோக்கம்.

அவர்கள் வீடு இருந்த குடியிருப்பு, அதாவது தாமான், சிம்மோர் பக்கம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். ரப்பரை வெட்டிவிட்டு ஒரு பாதியில் வீடுகள் கட்டினார்கள், மறுபாதியில் செம்பனை நட்டார்கள். அதே வரிசையில் குடியிருந்த பிச்சைமுத்து அந்தச் செம்பனையில் குலை அறுக்கிறவர். ஐம்பத்தைந்து வயதானதும் தன் சேமநிதியை எடுத்து, மொத்தத்தையும் கார்த்திகேசுவின் காயின் திட்டத்தில் போட்டிருந்தார். கார்த்திகேசு முன்பு டயர் கடை வைத்திருந்தவன். இப்போது பெரிய பிக்கப் வண்டியும் ஓட்டுநரும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் முச்சந்திச் சாப்பாட்டுக் கடையில் ஆட்களைக் கூட்டிப் பேசுவான்.

அப்படி ஒரு ஞாயிறு முற்பகலில் பிச்சைமுத்து துளசியின் வீட்டுக்கு வந்தார். கைப்பேசியில் ஒரு பரிமாற்றத்தின் நீளமான எண்ணைக் காட்டினார்.

"போட்ட காச எடுத்துத் தாடான்னு கேட்டேன். அனுப்பிட்டானாம். நெட்வொர்க்கு ஸ்லோவாம். ஒன் பொட்டில பாத்து, எப்ப வந்து சேரும்னு சொல்லு துளசி."

துளசி அந்த எண்ணைத் தட்டினாள். கிடைக்கவில்லை. மறுபடியும் சரிபார்த்துத் தட்டினாள். உறுதியாகாமல் காத்திருக்கும் பரிமாற்றங்களிலும் தேடினாள். திட்டத்தின் காயின்கள் எல்லாம் இருப்பதாகக் கார்த்திகேசு கொடுத்திருந்த முகவரியையும் தேடினாள். அந்த முகவரிக்கு யாரும் எதையும் எப்போதும் அனுப்பியிருக்கவில்லை.

"அப்படி ஒரு பரிமாற்றம் இல்லண்ணே."

"இன்னும் வரலியா?"

"வரலன்னு இல்ல. அனுப்பவே இல்ல. இந்த நம்பரு சும்மா தட்டுனது. அவன் சொல்ற எடத்துல காயினே கெடையாது. என்னைக்கும் இருந்ததில்ல."

பிச்சைமுத்து கைப்பேசியை மெதுவாக மேசைமேல் வைத்தார். பிறகு திரும்பி, தன் நெற்றியைச் சுவரில் மோதினார். மோதிக்கொண்டே இருந்தார். துளசி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. சுண்ணாம்பில் சிவப்புப் பட்டதும் அவராகவே நிறுத்தினார். பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடும்மா" என்றார். குடித்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று துளசி நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி முத்தம்மா தெருவில் கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"துளசி! கொல அறுக்குற அருவாளத் தூக்கிட்டு மோட்டர்ல போறாருடி! நான் புடிக்கப் போயி என்னயத் தள்ளிவுட்டாரு!"

துளசி தன் மோட்டார் சைக்கிளை எடுத்தாள். முத்தம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். முச்சந்திக் கடைக்கு அதிகத் தொலைவு இல்லை. இருந்தும் தாமதமாகிவிட்டது.

கார்த்திகேசு வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து, சுற்றி இருந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். பிச்சைமுத்து அவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மேசைகளுக்கு நடுவே நடந்து போய் வீசினார். கார்த்திகேசு இடது கையைத் தூக்கித் தடுத்தான். வளைந்த அரிவாள் முழங்கைக்குக் கீழே இறங்கி எலும்பில் நின்றது. பிச்சைமுத்து அதை உருவி மறுபடியும் வீசினார். அது தோளில் விழுந்தது. நாற்காலிகள் சாய்ந்தன. பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அடுத்த வீச்சு கார்த்திகேசுவைத் தவறி மேசைப் பலகையில் ஆழமாகப் பாய்ந்துவிட்டது. பிச்சைமுத்து அதைப் பிடுங்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, கார்த்திகேசுவின் ஓட்டுநர் தனேஷ் இரும்பு நாற்காலியைத் தூக்கி அவர் முதுகில் அடித்தான்.

பிச்சைமுத்து விழுந்தார். விழுந்தவரைத் தனேஷும் கார்த்திகேசுவின் இன்னும் இரண்டு ஆட்களும் சேர்ந்து மிதித்தார்கள். நாற்காலியின் விளிம்பால் முழங்காலில் இடித்தார்கள். கால் பக்கவாட்டில் மடிந்ததை வாசலில் நின்ற துளசி பார்த்தாள். ஓடிப் போய் அவர்மேல் குப்புற விழுந்தாள்.

"தள்ளு துளசி!" என்று தனேஷ் கத்தினான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன் அவன். அவள் நகரவில்லை. அவன் அவள் விலாவில் உதைத்தான். மூச்சு நின்றுபோனது. மறுபடியும் உதைத்தான்.

போலீஸ் வந்தபோது தரை முழுவதும் குழம்பும் சோறும் ரத்தமும் கலந்து கிடந்தன. கார்த்திகேசுவை ஒரு வண்டியிலும் பிச்சைமுத்துவை இன்னொரு வண்டியிலும் ஏற்றினார்கள். பிச்சைமுத்துவின் கையில் விலங்கு மாட்டியிருந்தார்கள். முத்தம்மா அந்த வண்டியின் கதவில் அடித்து அழுதாள்.

"துளசி பொட்டில பாத்துச் சொன்னா! காசே இல்லன்னு சொன்னா! அதுக்கப்பறந்தான் இவரு கெளம்பினாரு!"

கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. தனேஷுக்கும் கேட்டது. அடுத்த நாளே தாமானில் பலர் தங்கள் கைப்பேசிகளைத் தூக்கிக்கொண்டு துளசியின் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். விலாவில் கட்டோடு உட்கார்ந்து அவள் ஒவ்வொருவரின் எண்ணையும் தட்டினாள். ஒன்றுகூட இல்லை. எல்லோருக்கும் அதையே சொன்னாள். சிலர் கேட்டுவிட்டு அவளையே திட்டினார்கள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் பிற்பகலில் நல்ல மழை. பவித்ரன் லாரியில் பாகான் டத்தோ போயிருந்தான். துளசி பின்னறையில் அவன் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் வெளிக்கதவை உடைத்தது அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பியபோது ஹெல்மெட் போட்ட மூன்று பேர் அறைக்குள் நின்றார்கள். ஒருவன் கையில் பாராங் கத்தி இருந்தது. முன்னால் நின்றவனிடம் சுத்தியல்.

"பொட்டி எது?"

"தனேசு, ஒன் கொரலு எனக்குத் தெரியாதா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே போட்டான்.

"தெரிஞ்சா நல்லதுதான். இனிமே எவன் நம்பரக் கொண்டாந்து காட்டுனாலும், இருக்குன்னு சொல்லு. காசு வந்துகிட்டு இருக்குன்னு சொல்லு. கேட்டுச்சா?"

"இல்லாதத எப்படி இருக்குன்னு சொல்றது?"

மற்ற இருவரும் கணினியை ஒயரோடு பிடுங்கி முன்வாசலுக்கு இழுத்துப் போனார்கள். பாராங் தகரத்தில் விழும் சத்தம் கேட்டது.

"அத ஒடச்சி என்னாடா ஆவப்போவுது? இதே கணக்கு ஊரு ஒலகமெல்லாம் ஆயிரம் பொட்டில இருக்கு. எத்தன வீட்டுக்குப் போயி ஒடப்பே?"

"டியாம்லா! வாய மூடு!"

தனேஷ் அவள் வலது கையைப் பிடித்து மேசையில் விரித்து அழுத்தினான். சுத்தியலை இறக்கினான். துளசிக்கு முதலில் வலி தெரியவில்லை. விரல்கள் இருந்த இடத்தில் ஏதோ நசுங்கிக் கிடந்தது. பிறகு வலி தோள்வரை ஏறியது. அவள் கத்தியதை மழை விழுங்கியது.

"இப்ப சொல்லு. இருக்கா, இல்லியா?"

"இல்ல."

அவன் சுத்தியலை மறுபடியும் தூக்கினான். துளசியின் இடது கைக்குத் தேய்ப்புப் பெட்டி அகப்பட்டது. சூடாக இருந்த அதன் அடிப்பாகத்தை அப்படியே அவன் முகத்தில் வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கும் வாடை எழுந்தது. தனேஷ் அலறிக்கொண்டு பின்னால் சரிந்தான். சுத்தியல் எங்கோ போய் விழுந்தது. அவள் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்தாள். தேய்ப்புப் பெட்டியின் கூர்முனையால் குத்தினாள். ஒயர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு உள்ளே வந்த இருவரும் அதைப் பார்த்தார்கள், அப்படியே திரும்பி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். தனேஷ் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "வேணாம் துளசி, வேணாம் துளசி" என்று கெஞ்சினான். அவள் அந்தக் கைகளின் மேலேயே அடித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவளைத் தூக்கி எடுக்கும்வரை அவள் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுடைய இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். தனேஷுக்கு ஒரு கண் போய்விட்டது. வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர், "அந்தக் கணினிக்குள் எவ்வளவு பணம் இருந்தது?" என்று மலாயில் கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். "பிறகு எதற்கு இவ்வளவு?" என்றார். அவள் விளக்கிப் பார்த்தாள். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. தற்காப்புக்காக அடித்தது என்று அவள்மேல் வழக்குப் போடாமல் விட்டார்கள். தனேஷை நினைத்து எப்போதாவது வருத்தம் வரும் என்று துளசி காத்திருந்தாள். வரவில்லை. படுக்கையில் கிடந்தபடி அந்தத் தேய்ப்புப் பெட்டியின் கனத்தை இடது கையில் உணர்ந்துகொண்டே இருந்தாள். தன்னை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

முத்தம்மா அவளைப் பார்க்க வந்தாள். கட்டிலருகே வந்து நின்றவள், கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"நாளைக்குப் பாக்குறேண்ணேன்னு சொல்லியிருக்கலாம்ல? எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல? அவரு எப்படிப்பட்ட ஆளுன்னு ஒனக்குத் தெரியாதா?"

முத்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பார்வை நேரம் முடியும்வரை அவள் எழவில்லை.

பவித்ரன் வேறொரு பழைய பெட்டியும் புது டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்தான். இடது கையாலேயே துளசி நோடை மறுபடியும் நிறுவினாள். அதில் தேடிக் கிடைக்காத எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு தாமான் ஆட்கள் கூட்டமாகப் போய் போலீஸ் பாலாயில் புகார் கொடுத்தார்கள். வழியில் சிலர் கார்த்திகேசுவின் வீட்டுக்குள் புகுந்து, கண்ணாடிகளை உடைத்து, பிக்கப் வண்டிக்குத் தீ வைத்துவிட்டுத்தான் போனார்கள். கார்த்திகேசு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த அன்றே கைதானான். போட்ட காசு யாருக்கும் திரும்பி வரவில்லை. இன்றும் யாராவது எண்ணைக் கொண்டுவந்தால், துளசி உடனே தட்டுவதில்லை. கூட யார் வந்திருக்கிறார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் உட்காருவாள்.

ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்த குற்றத்தைப் பிச்சைமுத்து ஒப்புக்கொண்டார். சிறைத்தண்டனை கிடைத்தது. முதல் தடவை பார்க்கப் போனபோது, தனியாகப் போகப் பயந்து முத்தம்மா துளசியையும் அழைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிச்சைமுத்து ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். துளசியின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"கார்த்திகேசு கை வெளங்குதா?"

"வெளங்கல. தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு," என்றாள் முத்தம்மா.

பிச்சைமுத்து சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். முத்தம்மா போனைத் துளசியிடம் கொடுக்காமல் கொக்கியில் மாட்டிவிட்டு எழுந்தாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் வெயிலில் நின்றார்கள். பஸ் வர நேரமானது.

"சாப்பாடு எறங்குதான்னுகூடக் கேக்கலடி நான்," என்றாள் முத்தம்மா. "அடுத்த தடவ நானே வந்துக்குறேன். ஒன் கையப் பாத்தா அவருக்கு அவன் கைதான் ஞாபகம் வருது. நீ வராத."

"சரிக்கா," என்றாள் துளசி.