பாதி எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆனேக்கல் பஸ்ஸைப் பிடித்து சிக்ககெரேக்கு வந்த ரெமிஜியஸ், மாமியார் கொடுத்த காப்பியை ஆறவிட்டுவிட்டு மனைவி டோரதியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஜூலையிலேயே இங்கே அனுப்பியாயிற்று. இப்போது செப்டம்பர் கடைசி. ஏரி தளும்பிக் கிடந்தது, கொசுவும் வந்துவிட்டது.

"இங்க எப்பங்க எண்ணெ அடிப்பாங்க?" என்றாள் டோரதி.

இதை மட்டும் அவள் கேட்டுவிடக்கூடாதே என்று பஸ்ஸில் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தான். பெங்களூரில் மலேரியா ஆபீசில் கணக்குப் போடுகிறவன் அவன். டாக்டர் ஸ்ரீகண்டன் சீமையில் படித்துக் கொண்டுவந்த சமன்பாடு ஒன்று அங்கே உண்டு. ஜனத்தொகை, ஆளுக்கு எத்தனை கொசு என்பதையெல்லாம் அதில் போட்டால், கொசு முட்டையிடும் தண்ணீர்மேல் எந்த ஊரில் எவ்வளவு எண்ணெய் தெளித்தால் பலிக்கும் என்று சொல்லிவிடும். ரெமிஜியஸுக்கு அதன்மேல் காதலே உண்டு. கல்யாணமான புதிதில் டோரதியை உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டியிருக்கிறான், பாவம் அவள். ஆளுக்கு நாற்பது கொசுவுக்குக் கீழே போனால் காய்ச்சல் தானாக அணைந்துவிடும். மேலே நின்றால், எழுபது ஐம்பத்தைந்தாகக் குறைந்தாலும் ஊர் அனேகமாக அப்படியேதான் படுத்துக் கிடக்கும். பாதி வேலைக்குப் பாதிப் பலன் என்பது அந்தக் கணக்கில் கிடையாது.

இந்த வருஷம் கையில் இருந்தது முப்பது பீப்பாய் எண்ணெய். சிக்ககெரேயின் தண்ணீருக்கு முப்பதும் வேண்டும். பக்கத்து ஊர் தொட்டகுண்டேக்கும் முப்பது வேண்டும். தொட்டகுண்டேயில் ஜனம் மூன்று மடங்கு. எண்ணெய் எங்கே போகவேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"எல்லாம் தொட்டகுண்டேக்குத்தான் டோரதி. நீ என்கூட வந்துடேன்."

"வண்டியில குலுங்கவே கூடாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "பாதியாவது இங்க குடுக்கலாமில்லீங்க?"

"பாதி குடுத்தா ரெண்டு ஊருக்கும் ஒண்ணுமில்லாம போயிடும்."

"அதெப்படிங்க ஒண்ணுமில்லாம போகும்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். பதில் வருமென்று நம்பி அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவனைக் கொன்றது.

திங்கட்கிழமை, இரண்டு ஊருக்கும் எழுபது என்றிருந்த கொசுக்கணக்கை ஐம்பது என்று மாற்றி எழுதினான். ஐம்பது என்றால் ஊருக்குப் பதினைந்து பீப்பாயே போதும், காகிதத்தில்.

"ஃபிஃப்டிதானா? கம்மியா இருக்கே," என்றார் டாக்டர்.

"ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன் சார்."

ரெமிஜியஸின் கணக்கில் பிழை வராது என்பது ஆபீசுக்கே தெரியும். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சமன்பாடு பொய்த்துப் போகட்டும் என்று அவன் தினமும் ஜெபித்தான். அப்படி ஜெபித்த கணக்கன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அது பொய்க்கவில்லை. அக்டோபர் முடிவதற்குள் இரண்டு ஊரும் படுத்துவிட்டன.

தந்தி கிடைத்து அவன் ஓடிவந்தபோது நடுப்பகல். மூன்று கம்பளிகளுக்கு அடியில் டோரதியின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. குழந்தை முந்தின நாளே இறந்து பிறந்து, கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் அடக்கமாகிவிட்டது. மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரான மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாதியாவது வாங்கிக் குடுத்தீங்களே மாப்பிள்ளை. அதுவும் இல்லன்னா இந்த ஊரு என்னாகியிருக்கும்!"

ரெமிஜியஸுக்குத் தெரியும். இந்த ஊர் இப்படியேதான் இருந்திருக்கும்.

டோரதி கண்ணைத் திறந்தாள். "அப்பா சொல்றது நெசந்தானேங்க?"

"ஆமா," என்றான்.

வெளியே ஏதோ முனகல் கேட்டு வாசலுக்கு வந்தான். எதிரே மிஷன் மருந்தகத்தில் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுக்கிறார்கள் என்று தொட்டகுண்டேயிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். வெயிலில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, மடியில் பிள்ளைகளோடு வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் தாய்மார்கள். பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டான். நாற்பத்தொன்று வரை வந்தான். அதற்குமேல் வரிசை மாதா கோயில் சுவரைச் சுற்றி வளைந்து பின்பக்கம் போயிருந்தது.