இரண்டு கண் வண்டி

கஸ்பாருக்கு வயது இருபத்திரண்டு. மல்லசமுத்திரத்திலிருந்து வந்து சூரமங்கலத்தில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பார்த்தான். அறுபத்து நான்காம் வருஷம், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கென்று கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு வண்டி செய்தான். மேலே ஒட்டகத்தில், நட்சத்திரம் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடிப்போன மூன்று ராஜாக்கள், கீழே பேட்டரியும் இரண்டு மோட்டாரும். முன்னால் கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்ட இரண்டு கண்ணாடி டிரான்சிஸ்டர்கள். அவைதான் வண்டியின் கண்கள். எந்தக் கண்ணில் வெளிச்சம் கூடுதலாக விழுகிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும். குடிலின் மேல் தொங்கும் நட்சத்திர விளக்கைத் தேடி அது தானாகவே போக வேண்டும்.

கடையில் கதவைச் சாத்தி, ஒற்றை விளக்கை வைத்துப் பார்த்தபோது பிசகவே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் ஊரிலிருந்து அம்மாவையும் வரச் சொல்லியிருந்தான்.

சாயந்திர ஜெபம் முடிந்ததும் நட்சத்திரத்தைத் தவிர மற்ற விளக்குகளை அணைத்தார்கள். வண்டி கிளம்பியது. பாதி தூரம் போய், இடப்பக்கம் திரும்பி, ஒரு தூணில் போய் முட்டி நின்றது. தூணடியில் ஒரு மெழுகுத்திரி எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்ப்பா கஸ்பாரு, உம்பேரு வச்ச ராஜாவே பெத்லகேமுக்கு வழி தெரியாம நிக்கிறாரே!" என்றார் ரயில்வே ஃபோர்மேன் தோமினிக். கோயிலே சிரித்தது.

கஸ்பார் வண்டியை எடுத்துவந்து மறுபடி விட்டான். மறுபடியும் தூணடிக்கே போனது. நட்சத்திரமா, மெழுகுத்திரியா என்று பிரித்துப் பார்க்க இரண்டு கண் போதாது. நேர்ச்சைத் திரி இல்லாத கோயில் ஏது? அதை எப்படி மறந்தான்?

"அங்க திரி வச்சது யாருய்யா?" என்றார் தோமினிக்.

திரிக்குப் பக்கத்தில் பஸ் புழுதியோடு, வெறுங்காலோடு முழங்காலிட்டிருந்தாள் அவன் அம்மா சகாயம்மாள். வண்டியை எடுக்கப் போனபோதே கஸ்பார் அவளைப் பார்த்துவிட்டான்.

"தெரியலீங்க," என்றான். "யாரோ பட்டிக்காட்டம்மா."

சகாயம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"வண்டி நல்லாப் போகோணும்னு நேந்து வச்சனுங்க," என்றாள், முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வதுபோல. "தெரியாம வச்சுப்போட்டனுங்க. அணைச்சர்றனுங்க."

பெற்ற மகனுக்கு 'ங்க' போட்டாள். அவன் காதெல்லாம் சுட்டது. திரியை நோக்கி நீண்ட அவள் கையைக் குனிந்து பிடித்துக்கொண்டான்.

"அணைக்காதம்மா."

திரியைக் கையில் எடுத்தான். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"எங்கம்மாங்க அவங்க. இதக் கொண்டுபோயி நட்சத்திரத்துக்குக் கீழ வச்சர்றேன். கொஞ்சம் வழி உடுங்க."