பதினான்கு பேரும் நலம்

வியாழக்கிழமை நோயாளிகள் கூட்டம் ஓய்ந்தபோது மணி பன்னிரண்டரை. டாக்டர் தேவிப்ரியா டீயைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். குடிக்கவில்லை. லேப்டாப்பில் மருத்துவ இதழ் ஆசிரியரின் மின்னஞ்சல் திறந்தே கிடந்தது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குப் புதிய களிம்பு ஒன்றைப் போட்டுப் பார்த்து அவள் எழுதிய கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம். ஆறிய கால் ஒன்றின் வண்ணப் படம் மட்டும் நாளை மாலைக்குள் வேண்டுமாம்.

பழைய மருந்து போட்டவர்களோடு ஒப்பிட்டீர்களா, எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்றெல்லாம் அந்த மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை எழுதியிருந்தார்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்குத் திங்கட்கிழமை நேர்முகம். கட்டுரை இல்லாதவர்களை உள்ளேயே விட மாட்டார்கள். புதுக்கோட்டையில் இந்தத் தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் ஓட்டியாகிவிட்டது. மூன்று மாதமாக அவளால் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

"இசைவாணி, யாரோட காலப் போட்டோ எடுக்கலாம்?"

களிம்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் இசைவாணி யோசிக்கவே இல்லை. "கீரமங்கலம் நாகராசு மேடம். அவருக்குத்தான் புண்ணு ரொம்ப மோசமா இருந்துச்சு. மூணு வாரத்துக்கு அப்பறம் வரல. போன் போட்டுக் கேட்டேன், நல்லா இருக்கேன்னாரு. ஆறிருச்சுன்னு போட்டுட்டோம்."

அறுபது பேரில் பதினான்கு பேர் அப்படிப் பாதியில் நின்றவர்கள். பதினான்கு பேருக்கும் போன் போனது. பதினான்கு பேரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். எல்லோர் பெயருக்கு எதிரிலும் 'குணம்' என்று எழுதியாயிற்று.

அன்று பிற்பகலே இருவரும் கீரமங்கலம் போனார்கள். நாகராசு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய முல்லைப் பூவைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. வலது காலில் கட்டு. கட்டின் முன்பக்கம், இரண்டு விரல்கள் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

"வாங்க டாக்டரம்மா, இங்கிட்டு நெழல்ல உக்காருங்க" என்று அவர் மனைவி செவந்தி இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

தேவிப்ரியா உட்காரவில்லை. "எப்ப எடுத்தாங்க?"

"களிம்பு போடப் போடக் கருத்துக்கிட்டே போச்சுங்க. தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். ரெண்டு வெரல எடுத்தாத்தான் காலு தப்பும்னாங்க" என்றாள் செவந்தி.

இசைவாணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "போன்ல நல்லா இருக்கேன்னீங்களேண்ணே!"

நாகராசு சங்கடத்தோடு சிரித்தார். "அக்கறையா விசாரிக்கிற புள்ளகிட்டப் போயி, ஒங்க மருந்து கேக்கலன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுறதா ஆத்தா? நல்லா இருக்கேன்னு சொல்லுறதுதானே மொற?"

செவந்தி கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு, தேவிப்ரியா குனிந்து அந்தக் கட்டைப் பார்த்தாள். அவர் கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். விரலைப் பறிகொடுத்தவர், அவள் மனம் நோகக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் காரில் உட்கார்ந்தபடியே இசைவாணி மற்றவர்களுக்குப் போன் போட்டாள். இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. "புண்ணு மூடிருச்சா? இன்னும் கட்டுப் போடுறீங்களா? வேற எங்கயாச்சும் காட்டுனீங்களா?" என்று கேட்டாள். ஆலங்குடி வருவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. நாகராசோடு சேர்த்து ஒன்பது பேருக்குப் புண் ஆறவில்லை. இரண்டு பேர் போனை எடுக்கவில்லை. ஆறியது மூன்றே பேருக்கு.

இசைவாணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடம், திங்கக்கெழம இன்டர்வியூ. திருவரங்குளம் புவனேஸ்வரி அக்கா ஒழுங்கா வந்து மருந்து போட்டவுக, அவுகளுக்குச் சுத்தமா ஆறிருச்சு. போற வழிதான். அவுக காலப் போட்டோ எடுத்து அனுப்பிருவோம்."

தேவிப்ரியா மறுக்கவில்லை. திருவரங்குளத்தில் காரை ஓரம் கட்டினாள். கேமராவைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். அப்போதுதான் போன் அடித்தது. கீரனூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சார்லஸ்.

"வாழ்த்துகள் டாக்டர், கட்டுரை வரப் போகுதாமே! போன மாசம் மீட்டிங்ல நீங்க பேசுனதக் கேட்டதுலேர்ந்து நான் அந்தக் களிம்பத்தான் எழுதுறேன். இப்பக்கூட ஒருத்தர் எதுக்கத்தான் உக்காந்திருக்காரு. வெரல் லேசாக் கருத்திருக்கு. திருச்சிக்கு அனுப்பலாம்னு இருந்தேன். ஒங்க ரிசல்ட்டப் பாத்தா, ஒரு மாசம் களிம்பு போட்டுப் பாக்கலாம்னு தோணுது. என்ன சொல்றீங்க?"

"வேணாம் டாக்டர்!" தேவிப்ரியா போட்ட சத்தத்தில் இசைவாணி திடுக்கிட்டாள். "இன்னைக்கே திருச்சிக்கு அனுப்பிருங்க. என் ரிசல்ட் தப்பு. திரும்பி வராதவங்கள எல்லாம் ஆறிருச்சுன்னு எழுதிட்டேன். இதுவரைக்கும் நீங்க களிம்பு எழுதுன எல்லாரையும் கூப்புட்டுக் காலப் பாருங்க. நானும் வாரேன்."

போனை வைத்தாள். கேமராவைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழ் ஆசிரியருக்கு அங்கேயே எழுதினாள். காரணத்தையும் மறைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'இதற்காகவா திரும்பப் பெறுவது? அந்தப் பதினான்கு பேரை மட்டும் நீக்கிவிட்டால் போதுமே. படத்தை அனுப்புங்கள்.'

பக்கத்தில் இசைவாணி, போனை எடுக்காத அந்த இரண்டு பேருக்கு மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா பதில் எழுதினாள்:

'நீக்க மாட்டேன். ஆறாத புண்ணை மறைத்து எழுதும் ஆராய்ச்சி காகிதத்தோடு நிற்பதில்லை. அதை ஒரு மருத்துவர் நம்புகிறார், அவரை ஒரு நோயாளி நம்புகிறார், கடைசியில் நம்முடைய பொய்க்கு விரலைக் கொடுப்பவர் அந்த நோயாளிதான்.'